பணிச்சூழல்களும் சாளர மேலாளர்களும்

லினக்ஸ் இயங்குதளத்தில் வரைகலை இடைமுகம் கருவுடன் பிணைந்த ஒன்றன்று. அது பயனர் தாமே தேர்ந்தெடுத்து நிறுவிக்கொள்ளக்கூடிய தனி மென்பொருளாகும். குனோம், கேடிஈ போன்ற முழுமையான பணிச்சூழல்களைப் பயன்படுத்துவதா, சாளர மேலாளர் ஒன்றை மட்டும் நிறுவி ஏனையவற்றைத் தாமே சேர்த்துக்கொள்வதா என்பது தேர்ந்த லினக்ஸ் பயனர்களிடையே நெடுங்காலமாக நிலவும் விவாதமாகும்.

வேறுபாடு

சாளர மேலாளர் என்பது திரையில் சாளரங்களின் இடம், அளவு, விளிம்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் நிரலாகும். பணிச்சூழல் என்பது சாளர மேலாளருடன் பலகம், கோப்பு மேலாளர், அமைப்புகள் கருவி, அறிவிப்புகள், மின்கல மேலாண்மை முதலியவற்றை ஒரே தோற்றத்தில் இணைத்து வழங்கும் தொகுப்பாகும்.

இப்பிரிவினைக்குக் காரணம் 1984ல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமையின் வடிவமைப்பாகும். திரையில் வரைவதற்கான வழிமுறையை மட்டும் எக்ஸ் வழங்கியது. சாளரங்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை வேறொரு நிரலின் முடிவுக்கு விட்டுவிட்டது.

வரலாறு

தொடக்கத்தில் டிவிஎம் (1987), எஃப்விவிஎம் (1993) போன்ற சாளர மேலாளர்களே புழக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு தோற்றத்தில் இருந்தமையால் புதிய பயனர்கள் இடர்ப்பட்டனர். இக்குறையை நீக்க மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபரில் கேடிஈ திட்டத்தை அறிவித்தார். கேடிஈ சார்ந்திருந்த க்யூட்டி நிரலகம் அப்போது கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் 1997ல் குனோம் திட்டத்தைத் தொடங்கினர்.

மறுபுறம் எளிமையை நாடியோர் டிடபிள்யூஎம் (2006), எக்ஸ்மோனாட் (2007), ஐ3 (2009) முதலிய அடுக்குச் சாளர மேலாளர்களை உருவாக்கினர். இவற்றில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் திரையைத் தாமாகவே பங்கிட்டுக்கொள்கின்றன. பெரும்பாலான பணிகளை விசைப்பலகை கொண்டே செய்யலாம். டிடபிள்யூஎம்மின் மூல நிரல் 2000 வரிகளைத் தாண்டக்கூடாது என்னும் வரம்பை அதன் ஆக்குநர்கள் தாமே விதித்துக்கொண்டனர். அதன் அமைப்புகளை மாற்ற விரும்புபவர் மூல நிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும்.

எளிமை தரப்பு

குறைந்த நினைவகப் பயன்பாடு, பழைய கணினிகளிலும் விரைவாக இயங்கல், கையைச் சுட்டிக்குக் கொண்டுசெல்லாமலே பணியாற்றல் ஆகியவை இத்தரப்பின் வாதங்களாகும். அமைவுகள் ஓர் உரைக்கோப்பில் இருப்பதால் அவற்றை வேறொரு கணினிக்கு எளிதில் கொண்டுசெல்லலாம். எனினும் இன்று இணைய உலாவியே பெருமளவு நினைவகத்தைக் கொள்வதால் நினைவகச் சேமிப்பு என்ற வாதம் முன்போல் வலுவானதன்று.

முழுமை தரப்பு

சாளர மேலாளரை மட்டும் நிறுவுபவர் கம்பியில்லா வலையமைப்பு, ஒலியளவு, திரைப்பூட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கான கருவிகளைத் தனித்தனியே தேடிப் பொருத்த வேண்டும். தமிழில் தட்டச்சிடுவோர் இதை நேரடியாக உணரலாம். 2012ல் வெளிவந்த குனோம் 3.6 முதல் ஐபஸ் உள்ளீட்டு முறை குனோமுடன் ஒருங்கிணைக்கப்பட்டுள்ளது. ஐ3 போன்றவற்றிலோ ஐபஸ்சைத் தொடங்குவதையும் சூழல் மாறிகளை அமைப்பதையும் பயனரே செய்தாக வேண்டும்.

பார்வைக் குறைபாடு உடையோருக்கு இத்தேர்வு விருப்பம் சார்ந்தது மட்டுமன்று. ஓர்க்கா திரைபடிப்பான் 2006 முதல் குனோமின் பகுதியாக உள்ளது. எளிய சாளர மேலாளர்கள் பலவற்றில் இவ்வசதிக்கான ஏற்பாடு இயல்பாக அமைவதில்லை.

பணிச்சூழல்களுக்குள் வேறுபாடு

முழுமையான பணிச்சூழல்களுக்கிடையிலும் இதே கேள்வி எழுகிறது. குனோம் விருப்பத்தேர்வுகளைக் குறைத்துக்கொள்ள முனைகிறது. கேடிஈ அவற்றைப் பயனரிடமே விடுகிறது. 2005 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் குனோமின் இப்போக்கைக் கடுமையாக விமரிசித்து, கேடிஈயைப் பயன்படுத்துமாறு கூறினார். 2011ல் குனோம் 3 பழைய பலகங்களைக் கைவிட்டபோது மாத்தே, சின்னமன் ஆகிய கிளைத்திட்டங்கள் தோன்றின.

வேலாண்டும் இன்றைய நிலையும்

எக்ஸுக்கு மாற்றாக 2008ல் தொடங்கப்பட்ட வேலாண்டில் சாளர மேலாண்மையும் திரைக்கோப்பும் ஒரே நிரலில் அடங்குகின்றன. எக்ஸில் கேடிஈயின் சாளர மேலாளரை நீக்கி அவ்விடத்தில் ஐ3யைப் பொருத்த இயலும். வேலாண்டில் அவ்வாறு மாற்ற இயலாது. ஐ3யின் அமைவுக் கோப்பை ஏற்கும் சுவே, வேலாண்டில் எளிமை விரும்புவோருக்கான தேர்வுகளுள் ஒன்றாக உள்ளது. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியை நாடுவோர் எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலகுவான பணிச்சூழல்களைப் பயன்படுத்துகின்றனர்.