ரப்பர் கொட்டையைக் குளிர்ப்பெட்டியில் வைக்க முடியாது, ஏன்?

ரப்பர் கொட்டை தெரியாத தோட்டத்துப் பிள்ளைகள் உண்டா? வெயில் ஏறியதும் காய் ‘படார்’ என்று வெடித்துக் கொட்டைகள் சிதறும். இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையால் குத்தி, எது உடைகிறது என்று பந்தயம் கட்டுவோம். அந்தக் கொட்டையைப் பாதுகாப்பதும், பிற நாடுகளோடு பகிர்ந்துகொள்வதும் எவ்வளவு பெரிய காரியம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கோலகங்சாருக்குச் சென்றன. நம் முன்னோர் பால் வெட்டிய மரங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே.

பின்னர் ஒட்டுக் கட்டும் முறை வந்தது. நிறையப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒட்டினார்கள். ஆர்ஆர்ஐஎம் 600 ரகத்தை வெட்டியவர்கள் நம்மில் பலர். அந்த ரகத்து மரங்கள் அனைத்தும் ஒரே தாய்மரத்தின் நகல்கள். பால் கூடியது, ஆபத்தும் கூடியது. நகல்களில் ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் வீழ்த்தும். இலங்கையில் 1980-களில் ஆர்ஆர்ஐசி 103 என்ற ரகத்தை ஓர் இலைநோய் தாக்கியபோது, அந்த மரங்களைப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடியது தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் 1928-இல் தொடங்கிய ரப்பர் தோட்டத் திட்டம் தோற்றதற்கு அது முக்கியக் காரணம். 1945-இல் அவரது நிறுவனம் அதைக் கைவிட்டது.

நோயைத் தாங்கும் குணத்தை எங்கே தேடுவது? காட்டு மரங்களில்தான். நெல்லிலும் அப்படித்தான் நடந்தது. பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம், பயிரைக் குட்டையாக்கும் ஒரு வைரஸ் நோய்க்கு மருந்து தேடி 6,000-க்கும் மேற்பட்ட நெல் விதை மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி இருந்தது இந்தியாவிலிருந்து சென்ற ஒரு காட்டு நெல்லில் மட்டுமே. அந்த விதையைச் சேமிக்காமலோ பகிராமலோ இருந்திருந்தால்?

ரப்பருக்காக 1981-இல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி வாரியமும் பிரேசிலும் கூட்டாக அமேசான் காடுகளில் விதை சேகரித்தன. கிடைத்தவை ஏறக்குறைய 65,000 விதைகள். பாதி பிரேசிலில் இருந்தது. மீதி மலேசியாவுக்கும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இம்முறை எவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பேசி, பங்கிட்டுக் கொண்டார்கள்.

ஆனால் இங்கேதான் சிக்கல். நெல் விதையை நன்றாக உலர்த்தி, உறைகுளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். மேற்சொன்ன நெல் நிலையத்தில் 1 லட்சத்து 30 ஆயிரத்திற்கும் அதிகமான மாதிரிகள் உள்ளன. ரப்பர் கொட்டை அப்படியல்ல. உலர்த்தினால் செத்துவிடும், சும்மா வைத்தாலும் சில வாரங்களில் முளைக்கும் சக்தி போய்விடும். ஆகவே அதன் விதை வங்கி என்பது பெட்டியல்ல, நிலம். மரமாக நட்டு வளர்த்தால்தான் காப்பாற்ற முடியும்.

நிலத்துக்கோ இன்று விலை அதிகம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ நிலத்தில் இப்போது குவாசா டமன்சாரா புதுநகர் எழுகிறது. பால்மரங்கள் நின்ற பல தோட்டங்களில் செம்பனையும் வீடுகளும் வந்துவிட்டன. பால் வெட்டுக்காக நிற்கும் மரம் போனால் மறுபடி நடலாம். ஆய்வுக்காகக் காத்து வைத்த காட்டு ரகம் போனால், அமேசானில் அதன் காடு அழியாமல் இருந்தால்தான் மீண்டும் கிடைக்கும்.

நாமும் ஒன்று செய்யலாம். தென்னமெரிக்காவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அனுமதியில்லாமல் செடி, விதை, மண் எதையும் கொண்டு வர வேண்டாம். விதையைப் பகிர்வது நல்லதுதான். ஆனால் நோய் இல்லை என்று சோதித்த பிறகே பகிர வேண்டும்.