மருந்துவழிக் கருக்கலைப்புக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: நெசவாளர் குடும்பங்களுக்கான விளக்கம்

மருத்துவரின் மேற்பார்வையில், 9 வாரங்களுக்கு உட்பட்ட கருவை மாத்திரைகள் மூலம் கலைத்துக்கொள்ளும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே நலம் பெறுகின்றனர். எனினும், அடுத்த இரண்டு வாரங்களுக்கு உடல்நிலையைக் கவனித்து வருதல் இன்றியமையாதது. ஆரணி போன்ற பட்டு நெசவு நகரங்களில் வீடே தொழிற்கூடம். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். இச்சூழலில் உடலின் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். அவற்றை அறிந்துகொள்ள இவ்விளக்கம் உதவும்.

இயல்பாக நிகழ்பவை

முதலில் மைஃபெப்ரிஸ்டோன் மாத்திரையும், 24 முதல் 48 மணி நேரத்திற்குப் பின் மைசோபிரோஸ்டால் மாத்திரைகளும் அளிக்கப்படுகின்றன. இரண்டாவது மருந்துக்குப் பின் சில மணி நேரத்தில் அடிவயிற்று வலியும் இரத்தப்போக்கும் தொடங்கும். மாதவிலக்கைவிட அதிகமாகவும், கட்டிகளுடனும் இரத்தம் வெளியேறலாம். குளிர் நடுக்கம், இலேசான காய்ச்சல், குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை அன்றைய தினம் தோன்றி மறையலாம். பின்னர் இரத்தப்போக்கு படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை நீடிக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• மைசோபிரோஸ்டால் உட்கொள்ளும் நாளில் தறி வேலையைத் தவிர்க்கவும். நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருப்பது நல்லது. மறுநாள் முதல் உடல் இடம் கொடுத்தால் வழக்கமான வேலைகளைச் செய்யலாம்.
• குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்திருக்கும்போது இரத்தப்போக்கின் அளவு தெரியாமல் போகலாம். ஆகவே இடையிடையே எழுந்து நாப்கினைப் பார்க்கவும். மாற்றும் நாப்கின்களின் எண்ணிக்கையை நாள்தோறும் குறித்து வைக்கவும்.
• வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் உட்கொள்ளவும். வெந்நீர் ஒத்தடமும் உதவும்.
• வழக்கமான உணவை உண்ணலாம், பத்தியம் தேவையில்லை. கீரை, பயறு, முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளவும். இரத்தசோகை இருப்பின் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளவும்.
• இரத்தப்போக்கு நிற்கும் வரை தாம்பத்திய உறவைத் தவிர்ப்பது நல்லது.

உடனடியாக மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• ஒரு மணி நேரத்திற்கு 2 அல்லது அதற்கு மேற்பட்ட நாப்கின்கள் முழுவதும் நனைதல், அந்நிலை தொடர்ந்து 2 மணி நேரம் நீடித்தல்
• மயக்கம், மிகுந்த படபடப்பு
• மருந்து உட்கொண்ட மறுநாளுக்குப் பின்னரும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்
• மாத்திரைக்குக் கட்டுப்படாத வயிற்று வலி. குறிப்பாக ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி. கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் இவ்வாறு நேரலாம். இம்மாத்திரைகளால் அக்கரு கலையாது.
• மைசோபிரோஸ்டால் உட்கொண்டு 24 மணி நேரமாகியும் இரத்தப்போக்கு இல்லாமை

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

15ஆம் நாள் பரிசோதனை ஏன்?

நூற்றுக்குச் சிலருக்கு மாத்திரைகளுக்குப் பின்னரும் கரு முழுமையாக வெளியேறாமல் இருக்கலாம். அரிதாகக் கர்ப்பம் தொடரவும் கூடும். அவ்வாறு தொடரும் கருவுக்கு இம்மருந்துகளால் குறைபாடுகள் நேரக்கூடும். இரத்தப்போக்கு ஏற்பட்டதாலேயே கருக்கலைப்பு முழுமையடைந்தது எனக் கொள்ளலாகாது. கருக்கலைப்பு முழுமையடைந்த பின்னரும் சில வாரங்கள் வரை கடைகளில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை கர்ப்பம் இருப்பதாகவே காட்டலாம். அதைக் கண்டு மீண்டும் மாத்திரை வாங்கி உட்கொள்வது ஆபத்தானது.

இராஜஸ்தானில் நடத்தப்பட்டு, 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தகுந்த விளக்கமும் சிறப்புப் பரிசோதனை அட்டையும் தொலைபேசி ஆலோசனையும் பெற்று வீட்டிலேயே தம் நிலையை மதிப்பிட்ட பெண்கள், மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு இணையாகவே நலம் பெற்றனர். இதற்குக் காரணம் தெளிவான வழிகாட்டலே. எனவே 15ஆம் நாள் வர இயலாதெனில், அதை முன்கூட்டியே மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவித்து மாற்று ஏற்பாட்டைக் கேட்டறியவும்.

அடுத்த கருத்தரிப்பு

அடுத்த மாதவிலக்கு வரும் முன்னரே, இரண்டு வாரங்களுக்குள்ளாகவே மீண்டும் கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. ஆணுறை, கருத்தடை மாத்திரைகள், அந்தரா ஊசி, காப்பர்-டி ஆகியவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. கருக்கலைப்பு முழுமையடைந்தது உறுதியான பின் காப்பர்-டி பொருத்தப்படும்.

இரகசியம் காக்கப்படும்

18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதுமானது. கணவரின் கையொப்பம் தேவையில்லை. 2021இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறு எவரிடமும் பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவர் வெளியிடக்கூடாது. மீறினால் தண்டனை உண்டு.

மருத்துவர் ஆலோசனையின்றிக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொண்டவர்களும் தயங்காமல் வர வேண்டும். என்ன மாத்திரை, எப்போது உட்கொண்டீர்கள் என்பதை மறைக்காமல் கூறினால் சிகிச்சை எளிதாகும். அச்சத்தாலோ கூச்சத்தாலோ ஏற்படும் தாமதமே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். ஐயங்களுக்கு 104 மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.