கிரகணங்களுக்கு இடைப்பட்ட நேரம்

1977 மார்ச் 10 இரவு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி ஒரு மங்கலான விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. யுரேனஸ் கோள் அந்த விண்மீனைக் கடந்துபோகும் வேளை அது. கோள் மறைக்கும்போது ஒளி எப்படிச் சரிகிறது என்று பார்ப்பதற்காகவே அன்றைக்குப் பல நாட்டு வானியலாளர்களும் காத்திருந்தார்கள். ஆனால் கோள் அண்டுவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் சரிந்து மீண்டது. காவலூர்ப் பதிவிலும் அப்படியொரு சரிவு இருந்தது. அமெரிக்கர்களின் பறக்கும் ஆய்வகம் அத்தகைய சரிவுகளைக் கோளின் இருபுறமும் வரிசையாகப் பதிவுசெய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. எதிர்பார்த்த மறைப்புக்கு வெளியே இருந்த நேரம்தான் பெரிய சேதியைச் சொன்னது. கிரகண இரட்டை விண்மீன்களை வகைப்படுத்துவதிலும் இதே நிலைமைதான் என்பது என் கட்சி. நம் கண் இயல்பாகவே ஒளி சரியும் இடத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. அந்த ஜோடி எப்படிப்பட்டது என்பதை அறிய, இரண்டு சரிவுகளுக்கும் இடைப்பட்ட பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் விண்மீன்களில் பல, உண்மையில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள். அவற்றின் சுற்றுத்தளம் நம் பார்வைக்கோட்டை ஏறக்குறைய ஒட்டி அமைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒன்று மற்றதை மறைக்கும். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் இந்த ஜோடிகளில் பெரும்பாலானவை இரண்டாகப் பிரிந்து தெரிவதில்லை. கிடைப்பது மொத்த ஒளி ஏறி இறங்கும் கணக்கு மட்டுமே. நேரத்தைக் கிடையாகவும் ஒளியை நெடுக்காகவும் வைத்து அதை வரைந்தால் வருவது ஒளிவளைகோடு. அந்த நெடுக்கு அச்சின் அளவுகோலுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஐந்து ஒளித்தர வேறுபாடு என்றால் சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856-இல் முன்மொழிந்த நார்மன் போக்சன்தான், 1861 முதல் முப்பது ஆண்டுகள் சென்னை வான் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தவர். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது கிரகண இரட்டை அல்ல. தானே விம்மிச் சுருங்குகிற விண்மீன். ஒளி மாறுவதைக் கண்டதுமே கிரகணம் என்று முடிவுகட்டிவிட முடியாது.

கிரகண இரட்டைகளின் மூன்று வகைகளில் முதலாவதற்குப் பெயர் தந்தது பெர்சியஸ் விண்மீன் குழுவிலுள்ள அல்கால். இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர், அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குவதை 1783-இல் அறிவித்தார்; ஓர் இருண்ட பொருள் சுற்றிவந்து அதை மறைக்கலாம் என்றும் சொன்னார். அல்காலின் கோட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 2.1 ஒளித்தரத்தில் ஏறக்குறைய மட்டமாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு, திடீரென்று இறங்கத் தொடங்கும். ஐந்து மணி நேரத்தில் 3.4 வரை (எண் கூடக் கூட ஒளி குறைவு) சரிந்து, அதாவது ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்ற நிலையைத் தொட்டு, அடுத்த ஐந்து மணி நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பிறகு மறுபடி மட்டம். பாதிச் சுற்று கழிந்ததும் மிக லேசான ஒரு பள்ளம் வரும். கண்ணுக்கு அது தெரியாது. ஜோயல் ஸ்டெபின்ஸ் 1910-இல் செலினியம் மின்கலத்தைத் தொலைநோக்கியில் பொருத்தி அளந்த பிறகுதான் அந்த இரண்டாவது பள்ளம் பிடிபட்டது. குட்ரிக்கே 1784-இல் கண்ட பீட்டா லைரே இதற்கு நேர்மாறு. ஏறக்குறைய 13 நாள் சுற்று முழுவதிலும் அதன் கோடு ஓரிடத்திலும் மட்டமாக நிற்பதில்லை. பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் வளைந்துகொண்டே இருக்கும். இரண்டு பள்ளங்களில் ஒன்று ஆழம், மற்றது ஆழம் குறைவு. மூன்றாவது வகையின் தலைவர் டபிள்யூ உர்சே மேஜோரிஸ். எட்டே மணி நேரத்தில் ஒரு சுற்று. அதிலும் மட்டம் கிடையாது. ஆனால் இரண்டு பள்ளங்களும் ஏறக்குறைய ஒரே ஆழம்.

மட்டம் ஏன் சிலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை? நெருங்கிச் சுற்றும் இரண்டு விண்மீன்கள் ஒன்றின் ஈர்ப்பால் மற்றது இழுபட்டு முட்டை வடிவம் கொள்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது அகன்ற முகம் நமக்குத் தெரிகிறது, ஒளி கூடுகிறது. முனை நம்மைப் பார்க்கும்போது ஒளி குறைகிறது. கிரகணமே நிகழாவிட்டாலும் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நடக்கும். இதன் அளவு, விண்மீனின் ஆரத்துக்கும் ஜோடியின் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் விளைவு எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே கிரகணங்களுக்கு இடையில் கோடு மட்டமாக ஓடினால், இரண்டும் ஒன்றையொன்று சிதைக்காத தூரத்தில் இருக்கின்றன என்று பொருள். வளைந்து ஓடினால் நெருக்கம் என்று பொருள். பள்ளத்தின் ஆழம் இதைச் சொல்லாது. வட்டப் பாதையில் இரண்டு கிரகணங்களிலும் மறைவது ஒரே அளவு பரப்பு. ஆகவே ஆழங்களின் விகிதம் எது அதிகச் சூடு என்பதைக் காட்டுகிறது. டபிள்யூ உர்சே மேஜோரிஸ் வகையில் அந்த விகிதமும் முக்கியம்தான். எடையில் பெரிதும் வேறுபடும் இரண்டு விண்மீன்கள் ஒரே வெப்பத்தில் இருப்பது விந்தை. இரண்டும் ஒரே வாயுப் போர்வைக்குள் இருந்து வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று லியோன் லூசி 1968-இல் விளக்கினார். ஆனால் அவை ஒட்டிக்கிடக்கின்றன என்ற ஐயத்தையே எழுப்பியது மட்டமில்லாத அந்தக் கோடு.

இதற்கு முதல் எதிர்வாதம் அல்காலிடமிருந்தே வருகிறது; வலுவான வாதம். ஸ்டெனெக் கோபால் 1950-களில் வடிவத்தை விட்டுவிட்டு, ஈர்ப்பின் எல்லையான ரோஷ் மடலை எந்த விண்மீன் நிரப்பியிருக்கிறது என்பதை வைத்து ஜோடிகளைப் பிரித்தார்: இரண்டும் நிரப்பாதவை, ஒன்று மட்டும் நிரப்பியவை, இரண்டும் நிரப்பியவை. அந்தக் கணக்கில் அல்கால் நடுவகை. அதன் மங்கலான துணை தன் மடலை முழுக்க நிரப்பி, தன் பொருளை எடை மிகுந்த மற்றதின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. மட்டமான கோடு தூரத்தைக் காட்டுமென்றால் அல்கால் ஏன் ஏமாற்றுகிறது? சிதைந்திருப்பது துணை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பங்கு சிதையாத வெப்ப விண்மீனிடமிருந்து வருகிறது. துணையின் வளைவு அந்த வெளிச்சத்தில் அமிழ்ந்துபோகிறது. அகச்சிவப்பு ஒளியில் குளிர்ந்த துணையின் பங்கு கூடும். அங்கே இரண்டாவது பள்ளமும் ஆழமாகிறது, இடைப்பட்ட பகுதியும் வளையத் தொடங்குகிறது. இடைப்பட்ட நேரம் பொய் சொல்லவில்லை. எந்த நிறத்தில் கேட்டோம் என்பதில்தான் குறை. இதனால்தான் ஒரே வடிகட்டியில் எடுத்த கோட்டை வைத்து வகை சொல்வதை நான் அரைகுறை வேலை என்பேன்.

இரண்டாவது எதிர்வாதம் சாய்வைப் பற்றியது. சுற்றுத்தளம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒட்டிக்கிடக்கும் ஜோடியும் சிறிய அலையாகத்தான் தெரியும். வளைவின் அளவை மட்டும் பார்த்து நெருக்கத்தைச் சொல்ல முடியுமா? இந்தச் சிக்கலை விருத்தாசலத்தில் பீங்கான் சுடுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சூளைக்குள் வைக்கும் சோதனைக் கூம்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்வைத் துளை வழியாகப் பார்த்து வேக்காட்டைச் சொல்வார்கள். ஆனால் அந்த வளைவு வெப்பநிலையை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு வேகமாகச் சூடேற்றினார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. அதற்காகக் கூம்பைத் தூக்கியெறிவதில்லை. சூடேற்றிய வேகத்தைத் தனியாகக் குறித்துவைத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒளிவளைகோட்டிலும் அப்படித்தான். சாய்வு கூடினால் கிரகணப் பள்ளம் முதலில் ஆழம் குறைந்து பிறகு அடியோடு மறைந்துபோகும். இடைப்பட்ட வளைவு மெல்லத்தான் குறையும். இரண்டையும் சேர்த்துப் பொருத்தினால் சாய்வையும் நெருக்கத்தையும் பெருமளவு பிரித்தெடுத்துவிடலாம். பீங்கானுக்கும் வானியலுக்கும் நேரடி உறவும் உண்டு: காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி, சூட்டில் விரியாத ஸெரோடூர் என்னும் கண்ணாடிப் பீங்கானால் ஆனது.

ரகுநாதாச்சாரியின் விண்மீன் நினைவூட்டிய சிக்கல் மூன்றாவது. ஒட்டிய ஜோடியின் இரண்டு பள்ளங்களும் சமம் என்பதால், சுற்றுக்காலத்தைப் பாதியாக எடுத்துக்கொண்டால் அது தானே துடிக்கும் ஆர்ஆர் லைரே வகை விண்மீனைப் போலவே தோன்றும். பழைய பட்டியல்களில் இந்தக் குழப்பம் ஏராளம். இங்கேயும் வழிகாட்டுவது கோட்டின் மேடுகளும் நிறமும்தான். ஜோடியில் மேடுகள் அகன்று உருண்டும் பள்ளங்கள் கூர்மையாகவும் இருக்கும்; நிறம் சுற்று முழுவதும் அநேகமாக மாறாது. துடிக்கும் விண்மீன் பிரகாசிக்கும்போது சூடாகி நீலம் கூடும். இன்று இந்தப் பகுத்தறிதலை எந்திரத்திடம் ஒப்படைக்காமல் முடியாது. கையா விண்கலத்தின் மூன்றாவது தரவு வெளியீட்டில் மட்டும் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட கிரகண இரட்டைகள் உள்ளன. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ஜப்பல்–ரங்காபூர் ஆய்வகத்தில் ஒவ்வொரு ஜோடியையும் இரவிரவாக அளந்து ஆராய்ந்த காலம் போய்விட்டது. கெப்ளர் விண்கலம் தந்த 2,800-க்கும் மேற்பட்ட ஜோடிகளுக்கு, மூன்று பெட்டிகளுக்குப் பதிலாக 0 முதல் 1 வரை ஓர் எண் கொடுத்தார்கள். 0 பக்கம் விலகியவை, 1 பக்கம் ஒட்டியவை. கோட்டின் முழு வடிவத்திலிருந்து பிறந்த எண் அது. பெட்டிகளைவிட அது நேர்மையானது என்று நினைக்கிறேன். இயற்கையில் மட்டம் வளைவாக மாறும் இடத்தில் வேலி எதுவும் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், விலகிய ஜோடிகளைத் தவறாமல் பொறுக்கியெடுப்பதில்தான் வானியலின் தூரக் கணக்குகள் சில தொங்குகின்றன. ஒன்றையொன்று சிதைக்காத ஜோடியில்தான் விண்மீனின் ஆரத்தைத் துல்லியமாக அளக்கலாம். ஆரத்தோடு நிறமும் தெரிந்தால் உண்மை ஒளி தெரியும். அதிலிருந்து தூரம் வரும். பெரிய மெகல்லானிய முகில் சுமார் 1.62 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருப்பதை இப்படிப்பட்ட 20 ஜோடிகளை வைத்து ஒரு சதவீதத் துல்லியத்தில் 2019-இல் கணித்தார்கள். மறுகோடியில் நிற்பது வி1309 ஸ்கார்பியை என்ற விண்மீன். 2008-இல் வெடித்துப் பிரகாசித்த அந்த விண்மீனின் பழைய அளவீடுகள், சிலியில் நடக்கும் ஓகிள் ஆய்வின் கோப்புகளில் இருந்தன. 1.4 நாள் சுற்றுக்காலம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2002-இல் சுற்றுக்கு இரண்டு மேடுகள் இருந்த கோட்டில் ஒரு மேடு படிப்படியாகத் தேய்ந்து, 2007-இல் ஒரே மேடுதான் மிஞ்சியிருந்தது. ஒட்டிய இரண்டு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்ததுதான் அந்த வெடிப்பு என்று 2011-இல் அடையாளம் கண்டார்கள்.

விருத்தாசலத்திலிருந்து கருவியில்லாமல் இதைப் பார்க்க விரும்புபவருக்கு அல்காலைவிட பீட்டா லைரேயைத்தான் பரிந்துரைப்பேன். அல்கால் ஜனவரி, பிப்ரவரி முன்னிரவுகளில் வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். ஆனால் அதன் பள்ளம் மூன்றாம் நாள் வரும்போது ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரம் முந்திவிடுவதால் சில முறைகளிலேயே பகலுக்குள் நழுவிவிடும். மட்டத்தில் கண்ணுக்குப் பிடிபட எதுவும் இல்லை. பீட்டா லைரே ஏப்ரல், மே பின்னிரவுகளில் உயரும். பக்கத்தில் காமா லைரே மாறாத ஒளியோடு நிற்கிறது. மேட்டில் இரண்டும் ஏறக்குறைய சமம். பெரிய பள்ளத்தில் பீட்டாவின் ஒளி காமாவைவிட ஓர் ஒளித்தரம் குறைந்திருக்கும். நாள்தோறும் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, எது எவ்வளவு மங்கல் என்று எழுதி வைத்தால் போதும். பதின்மூன்று நாளில் ஒரு முழுச் சுற்று கையில் வந்துவிடும். அதில் மட்டம் என்று சொல்ல ஓர் இரவும் இருக்காது.