மின்சாரம் தயாரிக்க மின்சாரம் வேண்டுமா?

"வேண்டும்" என்பதுதான் விடை! வியப்பாக இருக்கிறதா?

சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக் கொள்வோம். அதன் திறன் 1,440 மெகாவாட். நிலக்கரியைத் தூளாக்கும் எந்திரங்கள், காற்றை ஊதும் விசிறிகள், கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்புகள் எல்லாமே மின்சாரத்தால் ஓடுகின்றன. நின்றுபோன அனல் நிலையத்தை மீண்டும் இயக்க, வெளியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் பெறுவார்கள். அந்தக் கம்பியிலும் மின்சாரம் இல்லாவிட்டால்?

இருண்ட இரு நாட்கள்

2012 ஜூலை 30 அன்று வட இந்திய மின் தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் செயலிழந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. பாரம் மிகுந்திருந்த பினா–குவாலியர் மின்தடம் துண்டிக்கப்பட்டதும், அதன் சுமை மற்றத் தடங்களின் மேல் விழுந்தது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன.

தென்னகம் தப்பியது. நம் தொகுப்பு அப்போது தனித் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியே நாமும் நாட்டின் தாளத்தில் இணைந்தோம். இப்போது பற்றாக்குறையின்போது உதவி எளிதில் வருகிறது. ஆனால் கோளாறும் அதே வழியில் வரக்கூடும்.

அணை நீரின் உதவி

இங்கேதான் நீர் மின் நிலையம் கைகொடுக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஒட்டி, அணை மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் உள்ளன. உயரத்தில் தேங்கிய நீரே சுழலியைச் சுற்றிவிடும். நீர் வரும் வழியைத் திறக்கவும், மின்னாக்கியின் காந்தத்துக்கு முதல் மின்னோட்டம் தரவும் பாட்டரியும் சிறு டீசல் எந்திரமும் போதும். அணையில் போதிய நீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்! இப்படிப் பிறக்கும் மின்சாரத்தை அனல் நிலையத்துக்கு அனுப்பி அதனை எழுப்பலாம். இதைப் பொறியியலாளர்கள் 'பிளாக் ஸ்டார்ட்' என்பார்கள். இதற்கான ஒத்திகைகளை நடத்தும்படி நாட்டின் மின் தொகுப்பு விதிகள் கட்டளையிடுகின்றன.

அவசரம் கூடாது. பள்ளிபாளையத்து விசைத்தறிகள், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகள் எல்லாவற்றையும் ஒரே நொடியில் இணைத்தால், 50 ஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டிய அலைவெண் சரியும். எழுந்த நிலையம் மறுபடியும் நின்றுவிடும். எனவே சிறிது சிறிதாகவே இணைக்க வேண்டும்.

மாணவர்களே! மருத்துவமனை, குடிநீர்ப் பம்பு, நாமக்கல் குஞ்சு பொரிப்பகம், திரையரங்கு. முதலில் எதற்கு மின்சாரம் தருவீர்கள்? காரணத்துடன் வரிசைப்படுத்திப் பாருங்கள்.