உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கே வந்த பரிசோதனை

ஏழைப் பெண்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றப் பெரிய மருத்துவமனைகள்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையம் பங்கேற்க, திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வு வேறு வழியைக் காட்டியது. 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள், வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பைவாயில் தடவிப் பார்த்தார்கள். வெண்திட்டு தெரிந்தால் மேல்பரிசோதனை. தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே அந்தத் திசுவை உறையவைக்கும் சிகிச்சை. பரிசோதனை வழங்கிய ஊர்களில் இந்நோயால் இறப்பு, வழங்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

கண்ணால் பார்த்துச் சொல்வது துல்லியமாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் (2009) இம்முறை அத்தனை பலன் தரவில்லை. இந்நோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸைக் கண்டறியும் சோதனைதான் இறப்பை ஏறக்குறைய பாதியாக்கியது. எனவே துல்லியமான சோதனைக்கு மாறுவதே சரி. ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து, சிகிச்சைக்கு மறுபடி அலைய வேண்டுமென்றால் கூலி வேலைக்குப் போகும் பெண் பாதியிலேயே நின்றுவிடக்கூடும். சோதனை புதிதாகட்டும், உள்ளூரில், ஒரே நடையில், செவிலியர் கையால் என்ற திண்டுக்கல் ஏற்பாடு மாற வேண்டியதில்லை.