தெக்கோன்கின்கிரீட் (திரைப்படம்)

தெக்கோன்கின்கிரீட் என்பது 2006ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படம் ஆகும். தையோ மட்சுமோட்டோ 1993, 1994ஆம் ஆண்டுகளில் வார இதழ் ஒன்றில் தொடராக வரைந்த படக்கதையே இதன் மூலம். ஸ்டூடியோ ஃபோர் டிகிரி சி நிறுவனம் தயாரித்த இப்படத்தை அமெரிக்கரான மைக்கேல் அரியாஸ் இயக்கினார். குற்றம் மலிந்த நகரில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வாழும் இரு அனாதைச் சிறுவர்களின் கதை இது.

பெயர்க் காரணம்

இரும்புக் கம்பி வைத்துக் கட்டும் காங்கிரீட்டை ஜப்பானியர் 'தெக்கின் கொங்குரீட்டோ' என்பர். சிறு பிள்ளை அதைத் தவறாக உச்சரித்தால் எப்படி ஒலிக்குமோ, அதுவே படத்தின் பெயர். இறுகிய நகரத்தையும் அதில் வளரும் மழலையையும் இந்த ஒரே சொல் சுட்டுகிறது.

கதைச் சுருக்கம்

தகாரமாச்சி என்பது கற்பனை நகரம்; 'புதையல் ஊர்' என்று பொருள். அங்கே குரோ, சிரோ என்னும் இருவரும் அண்ணன் தம்பி போல வாழ்கின்றனர். குரோ என்றால் கறுப்பு, சிரோ என்றால் வெள்ளை. மூத்தவனான குரோ சண்டைக்கு அஞ்சாதவன். ஊரே தன்னுடையது என்று எண்ணுபவன். சிரோ கள்ளமற்றவன், சட்டைப் பொத்தானைக்கூடத் தானாகச் சரியாகப் போடத் தெரியாதவன்.

யாக்குசா எனப்படும் குற்றக் கும்பல் ஊருக்குள் நுழைகிறது. அதன் பின்னால் வரும் 'பாம்பு' என்ற அயலான், பழைய தெருக்களை அழித்துக் கேளிக்கைப் பூங்கா கட்ட முனைகிறான். தடையாக நிற்கும் சிறுவர்களைக் கொல்ல அடியாட்களை ஏவுகிறான். சிரோ கத்திக்குத்துக்கு ஆளாகிறான். காவல்துறை அவனைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கிறது. தம்பியைப் பிரிந்த குரோ மெல்ல மெல்ல மனம் பேதலித்து, தனக்குள் இருக்கும் இருண்ட உருவத்துடன் போராட நேர்கிறது.

மையக் கருத்து

சிறியவனைப் பெரியவன் காப்பாற்றுவதாகவே கதை தொடங்குகிறது. ஆனால் உண்மையில் காக்கப்படுபவன் குரோ என்பது பிரிவுக்குப் பிறகே விளங்குகிறது. இருவரின் மனத்திலும் சில திருகாணிகள் இல்லை; குரோவிடம் இல்லாதவை தன்னிடம் இருப்பதாகச் சிரோ நம்புகிறான். தம்பிக்காகவே ஓங்கிய கை, தம்பி அருகில் இல்லாதபோது வெறும் வன்முறையாக மாறுகிறது. சிரோவைக் காவலில் வைத்தது அவன் உயிரைக் காத்தது. அதே செயல் குரோவை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. இந்த முரணுக்குப் படம் எளிய விடை எதையும் தருவதில்லை.

கும்பலைச் சேர்ந்த சுசுக்கி, கிமுரா ஆகியோரின் கிளைக்கதையும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. தன்னை வளர்த்துவிட்ட சுசுக்கியைக் கொல்லுமாறு கிமுரா கட்டாயப்படுத்தப்படுகிறான்.

உருவாக்கமும் விருதும்

கணினி வரைகலைத் துறையிலிருந்து வந்தவர் அரியாஸ். கையால் வரைந்த பாத்திரங்களையும் கணினி நுட்பத்தையும் இணைத்து, தோளில் சுமந்த கேமரா தெருக்களில் ஓடுவது போன்ற காட்சிகளை அமைத்தார். நெருக்கமான தெருக்கள் நிறைந்த நகரத்தை வடிவமைத்தவர் கலை இயக்குநர் சிஞ்சி கிமுரா. பிரித்தானிய மின்னிசை இணையரான பிளெய்டு இசையமைத்தனர். குரோவுக்குக் கசுனாரி நினோமியாவும் சிரோவுக்கு யூ அவோயும் குரல் கொடுத்தனர். சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஜப்பான் அகாதமி பரிசை இப்படம் பெற்றது.

படத்தில் சாவும் குருதியும் வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. கதைமாந்தர் சிறுவர்களாயினும் இது சிறுவர்க்கான படம் அன்று.