குளம் மட்டும் போதுமா?

பண்டாரவளைத் தோட்டமொன்றின் லயத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். தவளைகளைப் பற்றிய பேச்சில் ஒரு சிறுமி கேட்டாள்: "தவளைக்கு குளம் இருந்தா போதும்தானேக்கா?"

போதாது. இரண்டு தேயிலை மலைகளைப் பாருங்கள்.

டார்ஜிலிங்கில் வாழ்வது இமாலய சலமாண்டர். பார்வைக்குப் பல்லி, உறவில் தவளை. இலங்கையில் சலமாண்டர்கள் இல்லை. நமது மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியில் இருப்பது தருகா ஈக்வெஸ் என்ற மரத்தவளை. இலங்கைக்கு வெளியே எங்குமில்லை. இரண்டும் அழியும் ஆபத்தில் உள்ளவை.

சலமாண்டர் மழைக்காலத்தில் குளத்துக்கு வந்து முட்டையிடும். குளிர்காலத்தில் கரையோரக் கற்களுக்கும் கட்டைகளுக்கும் அடியில் ஒடுங்கும். மரத்தவளை நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டும். தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழுந்து வளரும். தவளையாகியதும் மரஞ்செடிகளுக்குத் திரும்பும்.

ஆகவே குளத்தை மூடினாலும் அழிவு, குளத்தை விட்டுக் கரையை மொட்டையாக்கினாலும் அழிவு. தோலாலும் சுவாசிக்கும் உயிர்கள் என்பதால், கரையில் அடிக்கும் மருந்தும் உடலுக்குள் போகும்.

டார்ஜிலிங்கின் ஜோர்போக்ரி 1985இல் சலமாண்டருக்காகச் சரணாலயமானது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. தோட்டங்களுக்குள் ஓடும் ஓடைகளின் கரைப்புதர்களையும் விட்டுவைக்க வேண்டும்.

கிணற்றைத் திருப்பித் தந்து காணியைத் தராவிட்டால் என்னவாகும் என்பது, இடம்பெயர்ந்து ஊர் திரும்பியவர்களுக்குத் தெரியும்.